கூலிக்குக் களை எடுத்த நாளில் தெரியாதது

பதினாறு வருசம் அடுத்தவர் தோட்டத்தில் களை எடுத்திருக்கிறேன். வெங்காயம், மிளகாய், தக்காளி, வெண்டை, கத்தரி என்று ஒட்டன்சத்திரம் சுற்று வட்டாரத்தில் என்னவெல்லாம் விளையுமோ அத்தனையிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகர்ந்திருக்கிறேன். 2018 மாசியில் எண்பது சென்ட் செம்மண் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து முதல் முறையாகச் சொந்தமாக வெண்டை போட்டபோது விலையை நினைத்துக் கவலைப்பட்டேன், பூச்சியை நினைத்துக் கவலைப்பட்டேன், போர்த் தண்ணீர் வற்றிவிடுமோ என்று கவலைப்பட்டேன். களையைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அது என் கை வேலை. அந்த வெண்டை களையால்தான் கெட்டது.

நடந்தது இதுதான். விதைத்த ஐந்தாம் நாள் முளைப்பு வந்தது. அப்போது எனக்குச் சொட்டுநீர் கிடையாது, வாய்க்கால் பாசனம்தான். ஆறு நாளைக்கு ஒரு தண்ணீர். குத்தகைப் பணத்தில் பாதி கடன் என்பதால் நான் வெளி வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. காலையில் மடை மாற்றிவிட்டுக் கூலிக்குப் போய்விடுவேன். பதினெட்டாம் நாள் பாருக்குப் பார், அதாவது விதை ஊன்றிய மேட்டு வரிசை முழுக்க, பச்சைப் பொடி தூவியது போலச் சின்னச் சின்ன முளைகள் தெரிந்தன. விரலால் தேய்த்தாலே செத்துவிடும் அளவு. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் பங்குனி மழை ஒன்று இறங்கியது. அதற்கு அடுத்த வாரம் ஆள் கிடைக்கவில்லை. முப்பத்திரண்டாம் நாள் எட்டுப் பேரோடு உள்ளே இறங்கினேன். சாரணைக் களை பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. வெண்டைச் செடி அதற்கு நடுவே வெளுத்து, கணுவுக்குக் கணு நீண்டு, வெளிச்சம் தேடி நின்றது. மூன்று நாள் எடுத்தோம். களையின் வேர் வெண்டை வேரோடு பின்னிக் கிடந்ததால் ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று ஆடியது. களை போன மறுநாள் அடித்த வெயிலில் பாதிச் செடி தலை தொங்கிவிட்டது. நாற்பத்தைந்து நாளில் வர வேண்டிய முதல் காய் பத்து நாள் தள்ளி வந்தது. கடைசி வரை பக்கத்துத் தோட்டத்தில் எடுத்ததில் பாதிகூட நான் எடுக்கவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று பல நாள் யோசித்தேன். காரணம் என் பதினாறு வருசப் பழக்கம்தான். தோட்டக்காரர்கள் எங்களைக் கூப்பிடுவது ரோட்டில் போகிறவர் கண்ணுக்கே களை தெரிந்த பிறகு. முழங்கால் உயரக் களைக்குள் இறங்கி, அதை வெளியே கொண்டுவந்து வரப்பில் குவித்தால், அன்றைக்கு நிறைய வேலை செய்தது போல அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதுதான் களை எடுக்கிற நேரம் என்று என் கண் பழகிவிட்டது. உண்மையில் அந்தக் குவியல் எடுக்கப்படும்போது பயிரிடமிருந்து போக வேண்டியதெல்லாம் போயிருக்கும்.

வெண்டையின் சுபாவம் அப்படி. முளைத்த முதல் மூன்று வாரம் அது மேலே எழும்பாது. இரண்டு இலை, நான்கு இலை என்று நிதானமாக இருக்கும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி விட்டுப் போடுகிறோம். நடுவில் கிடக்கிற அந்த வெறும் மண், வெயில், ஈரம், அடியுரம் எல்லாம் முதலில் வருகிறவருக்குத்தான். விதைத்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை களை இல்லாமல் வைத்துவிட்டால் அப்புறம் வெண்டை தன் இலையாலேயே மண்ணை மூடிக்கொள்ளும். அந்த நாலு வாரத்தை விட்டுவிட்டு எட்டாம் வாரம் எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் இழந்தது திரும்ப வராது. களை பிடுங்காப் பயிர் கால் பயிர் என்பார்கள். நேரம் கடந்து பிடுங்கிய பயிர் அரைப் பயிர் என்று என் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

எங்கள் களைக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் உண்டு. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எல்லாரும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்த முதல் வெண்டையில் களை எடுத்த மூன்றாம் நாள் சாயங்காலம் என்னை உட்காரவைத்து, பிடுங்கிய களையில் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டார். "எல்லாத்தையும் களைன்னு ஒரே பேர் சொல்லிக் கொத்தாத கண்ணு. இது எதுல பிழைக்குது, விதையிலயா, தண்டுலயா, கிழங்குலயான்னு பாரு. அப்புறம் கை வை" என்றார். இவ்வளவு வருசம் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தவர் இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்ப அது உன் காடு இல்லையே" என்றார்.

சாரணை விதையில் பிழைப்பது. முளைத்த மூன்று நாலு வாரத்திலேயே பூத்துக் காய்க்கத் தொடங்கிவிடும். நான் முப்பத்திரண்டாம் நாள் அதைப் பிடுங்கிப் பாரிலேயே உதறியபோது அடுத்த வருசக் களைக்கு விதைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆடியில் அதே நிலத்தில் அது இரண்டு பங்காக வந்தது. காய் பிடித்த சாரணையைக் கூடையில் போட்டுத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். பூக்காத இளசாக இருந்தால் அப்படியே பாரில் கிடக்கட்டும், காய்ந்து எருவாகும்.

தரைக்கீரையைப் பருப்புக்கீரை என்றும் சொல்வோம். அது தண்டில் பிழைப்பது. கொத்திப் போட்டுவிட்டு அன்றே தண்ணீர் பாய்ச்சினால், வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் வேர் விடும். கொத்துவதற்கு மண் கொஞ்சம் காய்ந்திருக்க வேண்டும். கொத்திய பிறகு இரண்டு நாளாவது தண்ணீர் கூடாது. இந்த ஒரு விசயத்தில் எத்தனை தோட்டத்தில் எங்கள் கூலி வீணாகியிருக்கிறது என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கும். காலையில் நாங்கள் களை எடுப்போம், சாயங்காலம் கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள்.

துத்தி, நாய்க்கடுகு, முள்ளுக்கீரை, குப்பைமேனி எல்லாம் விதைக்களைதான். சின்னதாக இருக்கும்போது எடுத்தால் தொல்லை இல்லை. ஆனால் துத்தியை நான் வரப்பில்கூட விடுவதில்லை. அது வெண்டையின் குடும்பம். வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்து, விலைக்கு ஆகாமல் போகுமே, அந்த மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. தோட்டத்தில் பயிர் இல்லாத மாதங்களில் அந்த ஈ வரப்போரத்துத் துத்தியிலும் மற்ற களைகளிலும் தங்கியிருந்து, புது வெண்டை முளைத்ததும் இறங்கும். பாருக்குள் சுத்தம் செய்துவிட்டு வரப்பைக் காடாக விட்டால் நோயைத் திண்ணையில் உட்காரவைத்த மாதிரி. வெண்டை விதைக்க இரண்டு வாரம் முன்பே வரப்பைச் செதுக்கிவிடுகிறேன். பயிர் வந்த பிறகு செதுக்கினால் ஈ அங்கிருந்து கிளம்பி நேரே பயிருக்குத்தான் வரும்.

பார்த்தீனியத்துக்குக் கையுறை கட்டாயம். எங்களோடு வந்த ஒரு அக்காவுக்குக் கையிலும் கழுத்திலும் தடித்து, பல மாதம் ஆறவில்லை. வெறுங்கையால் அதைப் பிடுங்கச் சொல்கிற தோட்டத்துக்குப் போகாதீர்கள் என்று பெண்களிடம் நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு எடுக்க வேண்டும்.

இனி கோரை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் நிலத்தில் ஒரு மூலையில் இருந்த கோரையை முழுத் தோட்டத்துக்கும் பரப்பியது நானேதான். இரண்டாம் வருசம், உழவுக் கூலி மிச்சம் என்று ஒரே ஓட்டாக ரோட்டாவேட்டர் விட்டேன். மண் மாவாகி அழகாக இருந்தது. கோரை மண்ணுக்குள் கிழங்கும் கொடியுமாகச் சங்கிலி போட்டிருக்கும். சங்கிலியாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு முளைத்தால் மற்றவை பெரும்பாலும் தூங்கும். ரோட்டாவேட்டர் அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்கித் தோட்டம் முழுக்க இறைத்தது. தனியான ஒவ்வொரு கிழங்கும் முளைத்துக்கொண்டது. பத்தாம் நாள் வெண்டைக்கும் முன்னால் கோரை நின்றது. மேலே இழுத்தால் புல் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும், நாலு நாளில் மறுபடி ஊசியாக மேலே வரும். அந்த வருசம் கோரைக்கு மட்டும் ஐந்து முறை ஆள் விட்டேன்.

கோரையை ஒரே வருசத்தில் ஒழித்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். எனக்கு மூன்று கோடை ஆனது. சித்திரை, வைகாசியில் நிலம் சும்மா கிடக்கும்போது, நல்ல காய்ச்சலில், ஐந்து கலப்பை போட்டு மண்ணைக் கட்டி கட்டியாகப் புரட்டிவிட்டேன். கட்டியோடு மேலே வந்த கிழங்கு இரண்டு வாரம் வெயிலில் கிடந்தால் சுண்டிச் செத்துவிடும். அதற்குப் பிறகு குறுக்கே இன்னொரு உழவு. இடையில் மழை பெய்துவிட்டால் கிழங்கு பிழைத்துக்கொள்ளும், திரும்ப உழ வேண்டும். கிழங்கு பெரும்பாலும் மேல் அரை அடிக்குள்தான் இருக்கிறது என்பதால் இது முடிகிற காரியம். அப்புறம் வெண்டைக்கு முன், பசுந்தாள் உரமாகிற சணப்பை அடர்த்தியாக விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதேன். கோரைக்கு நிழல் ஆகாது. சணப்பை ஆள் உயரம் எழும்பி நின்ற இடத்தில் கோரை நூல் போல மெலிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பயிருக்குள் வந்த கோரையை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் கொத்தினேன், அது புதுக் கிழங்கு கட்டுவதற்குள். ஒரு மாதம் விட்டால் கீழே கிழங்கு பெருகிவிடும், அதுவரை பட்ட பாடு வீண். இப்போது அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மூலையை உழுத கலப்பையை அங்கேயே நிறுத்தி மண்ணைத் தட்டிவிட்டுத்தான் மற்ற இடத்துக்கு ஓட்டச் சொல்கிறேன்.

இந்தக் கோரைப் பாடத்திலிருந்துதான் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. வெண்டையில் களை வேலை பாதி, விதையை ஊன்றுவதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். இப்போது உழுது பார் போட்டதும் நான் விதைப்பதில்லை. வெறும் பாருக்கு ஒரு தண்ணீர் விடுகிறேன். எட்டுப் பத்து நாளில் மேல் மண்ணில் இருக்கிற களை விதையெல்லாம் பச்சையாக முளைத்து வரும். களைக்கொத்தை லேசாக, விரல் கணு ஆழத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிடுகிறேன். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்குகிற விதையை நாமே மேலே கொண்டுவந்து எழுப்பிவிடுவோம். நேரம் இருந்தால் இன்னொரு தரம் இதே மாதிரி. அப்புறம்தான் விதை. முதல் தடவை இதைச் செய்தபோது நிலத்துக்காரர் வந்து நின்று, "ஏம்மா, வெறுங்காட்டுக்கு யாராச்சும் தண்ணி பாய்ச்சுவாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான், எங்கள் பக்கம் தண்ணீர் அவ்வளவு அருமை. ஆனால் அந்த ஒரு தண்ணீர் எனக்கு ஒரு களை ஆள் செலவை மிச்சம் பண்ணியது. இரண்டு வாரம் விதைப்பு தள்ளிப்போவதுதான் இதில் இருக்கிற கஷ்டம். ஓணத்துக்குக் கேரளாவுக்குப் போகிற காய்க்குக் குறிவைத்து ஆடியில் போடுகிறவர்கள் ஆனியிலேயே பார் போட்டுவிட வேண்டும்.

எருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வருசம் ஆட்டுக்கிடை போட்டுவிட்டு உடனே விதைத்தேன். மண்ணுக்கு அதைவிட நல்லது இல்லை, ஆனால் ஆடு எங்கெங்கோ மேய்ந்த விதை எல்லாம் புழுக்கையோடு வந்து முளைத்தது. சீமைக்கருவேலங்கன்றுகூட எடுத்தேன். இப்போது கிடை போட்டால் அதற்குப் பிறகுதான் அந்த வெறும்பார்த் தண்ணீர். மாட்டுச்சாணக் குப்பையையும் பச்சையாகப் போடுவதில்லை. குவித்து, ஈரம் காயாமல் வைத்து, இரண்டு மூன்று தரம் கிளறிவிட்டால் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும். அந்தச் சூட்டில் களை விதை பெரும்பாலும் செத்துவிடும்.

பயிர் முளைத்த பிறகு என் நாள் கணக்கு இது. பதினான்காம் அல்லது பதினைந்தாம் நாள் முதல் களை. இருபத்தெட்டு, முப்பதில் இரண்டாவது. அது முடிந்த பிறகுதான் மேலுரம் வைத்து மண் அணைப்பேன். களை நிற்கும்போது உரம் வைத்தால் களைக்குத்தான் போகும், அது நம்மைவிட வேகமாகச் சாப்பிடும். மண் அணைக்கும்போது செடியடியில் ஒளிந்திருக்கும் சின்னக் களையும் மூடிச் செத்துவிடும். நாற்பதாம் நாள் வாக்கில் ஒரு நடை நடந்து, தலைதூக்கியதை மட்டும் கையால் எடுத்தால் போதும். செடியிலிருந்து நாலு விரல் தூரம் வரை கையால்தான், கொத்து போகக் கூடாது. வெண்டையின் பக்கவேர் மேல் மண்ணிலேயே ஓடுவதால் கொத்து பட்டால் செடி நாலு நாள் சோர்ந்து நிற்கும். பிடுங்கும்போது வெண்டையின் வேரையும் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. தரைக்கீரை, முள்ளுக்கீரை வேரிலும் அதே புழு வளரும் என்பதால் அந்த இடத்தில் களையை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது.

நோட்டில் எழுதிய கணக்கைச் சொல்கிறேன். 2018-ல் களைக்கு மட்டும் முப்பத்துநாலு ஆள் கூலி. 2023-ல் அதே எண்பது சென்டுக்குப் பதினோரு ஆள் கூலி. எங்கள் பக்கம் பெண்ணாளுக்கு இப்போது 350 ரூபாய், அதோடு டீயும் வடையும். முன்பு எட்டு மணி நேரம் எடுத்தவர்கள் இப்போது மத்தியானத்தோடு கரையேறிவிடுகிறார்கள். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். குத்துக்காலிட்டு நாள் முழுக்க நகர்ந்தால் முழங்காலும் இடுப்பும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நின்றபடி இழுக்கிற நீளக் கைப்பிடிக் கொத்தும், சைக்கிள் சக்கரம் வைத்த களைக்கருவியும் வாங்கி வைத்திருக்கிறேன். வரிசைக்கு நடுவே சக்கரக் கருவி, செடியோரம் மட்டும் கை. வரிசை நேராக இருந்தால்தான் அது ஓடும் என்பதால் விதைக்கும்போதே கயிறு பிடித்துப் போடுகிறேன்.

மருந்து அடித்திருக்கிறேனா என்றால், அடித்திருக்கிறேன். 2020 ஆடியில், கொரோனா ஊரடங்கில் ஆள் வரப் பயந்தார்கள். பெண்டிமெத்தலின் என்ற, களை முளைக்கும் முன் அடிக்கிற மருந்தை விதைத்த மூன்று நாளுக்குள் அடித்தேன். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், விசிறியாக விழுகிற நாசில் வேண்டும், அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னால் நடந்துகொண்டே அடிக்க வேண்டும். மேல் மண்ணில் அது ஒரு ஏடு போலப் படிந்திருக்கும், அதைக் கலைத்தால் அந்த இடத்தில் களை முளைக்கும். சாரணையும் புல்லும் ஒரு மாதம் அடங்கி இருந்தன. கோரையை அது தொடவே இல்லை. ஏற்கெனவே முளைத்து நின்ற களையையும் ஒன்றும் செய்யவில்லை. முப்பதாம் நாள் ஒரு கைக்களை எப்படியும் தேவைப்பட்டது. மணல் கலந்த மண்ணில் அளவு மிஞ்சினால் வெண்டை முளைப்பே அடிபடும் என்பதால், உங்கள் பயிருக்கும் மண்ணுக்கும் அது சரிதானா, எவ்வளவு என்பதைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, லேபிளைப் படித்துவிட்டு அடியுங்கள்.

பயிர் வந்த பிறகு களைக்கொல்லி என்று எதையும் வெண்டைக்குள் நான் கொண்டுபோவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறித்து நேரே அடுப்படிக்குப் போகிற பயிர் அது. கிளைபோசேட்டுக்கு நம் நாட்டில் ஒப்புதல் இருப்பது தேயிலைக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான், வரிசைக்கு நடுவே மறைப்பு வைத்து அடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை என் வீட்டு வாசலுக்கே விடுவதில்லை. அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. கொஞ்சம் உள்ளே போனாலே நுரையீரலைக் கெடுத்துவிடும். களைக்காக வாங்கிய டப்பா ஒரு வீட்டின் உயிரைக் கொண்டுபோவதை ஊரில் பார்த்தவள் நான். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொரு சம்பவம். 2021-ல், இருபத்தைந்தாம் நாள் வெண்டைக்கு வெள்ளை ஈ வராமல் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்க, சொந்தக்காரர் ஒருவரிடம் மருந்தடிக்கிற டேங்க் இரவல் வாங்கினேன். அவர் அதில் மக்காச்சோளத்துக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்திருந்தார். தண்ணீரில் ஒரு தரம் அலசித்தான் கொடுத்தார். ஒரு வாரத்தில் புது இலையெல்லாம் குறுகி, விரல் விரலாகப் பிரிந்து, நரம்பு நெருங்கி, குருத்து முறுக்கிக்கொண்டது. நான் வைரஸ் நோய் என்று நினைத்து அழுதேன். தோட்டக்கலை அலுவலர் வந்து பார்த்துவிட்டு, நான் அன்று அடித்தது எத்தனை வரிசை என்று கேட்டார். பதினாறு வரிசை அடித்ததும் டேங்க் தீர்ந்துவிட்டதால் மீதியை விட்டிருந்தேன். அந்தப் பதினாறு வரிசையில் எல்லாச் செடியும் அப்படி, பதினேழாவது வரிசை நன்றாக இருந்தது. நோய் இப்படிக் கோடு போட்டு வராது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும் என்று காட்டிக்கொடுத்தார். வெண்டையும் பருத்தியும் ஒரே குடும்பம், 2,4-டி மிச்சம் மீதி துளி இருந்தாலும் இரண்டும் தாங்காது. செடி சாகவில்லை, மூன்று வாரம் கழித்துப் புதுக் குருத்து நேராக வந்தது. ஆனால் அந்த மூன்று வாரக் காய் போனது போனதுதான். இப்போது களைக்கொல்லிக்கு என்று தனி டேங்க், அதன் பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அதைப் பூச்சி மருந்துக்கு எடுக்கவே கூடாது. வேறு வழியின்றி எடுத்தே ஆக வேண்டும் என்றால் வாஷிங் சோடாத் தண்ணீரை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, குழாய், நாசில் வழியாகவும் ஓடவிட்டு, மூன்று தரம் அலச வேண்டும். அந்தத் தண்ணீரைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. பக்கத்தில் மக்காச்சோளம் போட்டிருப்பவரிடமும் முன்கூட்டியே பேசிவைத்துவிடுகிறேன். எங்கள் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று அவருக்கும் தெரியும். காற்று ஓய்ந்த காலையில் மட்டும் அடிப்பதாக அவர் ஒத்துக்கொண்டார்.

2022-ல் மானியத்தில் சொட்டுநீர் போட்டேன். சிறு விவசாயிக்கு நூறு சதம் மானியம் என்பதால் என்னைப் போன்றவர்கள் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் குத்தகைக்காரி, நிலத்துக்காரர் பேரில் எழுதிக் கொடுக்க அவரைச் சம்மதிக்கவைக்க ஆறு மாதம் ஆனது. செடியடி மட்டும் நனைவதால் நடுவில் களை வெகுவாகக் குறைந்தது. ஒரு பட்டத்தில் பாதி நிலத்துக்கு மண்ணை மூடுகிற பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டும் போட்டுப் பார்த்தேன், மேலே வெள்ளி, அடியில் கருப்பு, 25 மைக்ரான். ஓட்டைக்குள் வருகிற களையைத் தவிர வேறு வேலை இல்லை, வெள்ளை ஈயும் குறைவாகத்தான் இருந்தது. கோரை இருந்த மூலையில் மட்டும் ஊசி குத்துகிற மாதிரி ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது. கோரை இருக்கிற நிலத்தில் ஷீட்டை நம்பிப் பணம் போடாதீர்கள். அறுவடை முடிந்து ஷீட்டைக் கிழியாமல் உருவி எடுப்பதும் பெரிய வேலை. ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அது மக்காது. குத்தகை முடிந்து நான் போன பிறகும் அந்த மண் அங்கேயே இருக்கும் என்பதால், அடுத்த பட்டத்தில் ஷீட்டுக்குப் பதில் நடுவில் மக்காச்சோளத் தட்டையை வெட்டிப் பரப்பினேன். ஷீட் அளவுக்குக் களையை அடக்கவில்லை. ஆனால் மண் ஈரம் காத்தது, இரண்டு பட்டத்தில் மண்புழு வந்துவிட்டது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

போன மாசியில் விதைத்த பதினான்காம் நாள் நாலு பேரைக் கூப்பிட்டிருந்தேன். ஆத்தாவும் வந்திருந்தார், வேலைக்கு இல்லை, சும்மா கூட உட்கார. தோட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண், "களையே இல்லையேக்கா, எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள். ஆத்தா பாரில் குனிந்து மேல் மண்ணை உள்ளங்கையால் ஒரு தரம் தள்ளினார். வெள்ளை நூல் மாதிரி, இன்னும் பச்சை பிடிக்காத முளைகள் எண்ண முடியாத அளவுக்கு மேலே வந்து விழுந்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினோரு மணிக்குள் எண்பது சென்டும் முடிந்தது.

போகும்போது ஆத்தாவுக்கு ஒரே ஒரு மனக்குறை. களை எடுக்கப் போனால் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மணத்தக்காளி என்று மடி நிறையக் கீரையோடு வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். என் தோட்டத்தில் இப்போது மடியில் கட்ட ஒன்றுமே இல்லை. போர்த் தொட்டியோரம், பாருக்குத் தள்ளி, மருந்துப் பக்கமே வராத இடத்தில் ஒரு சின்னப் பாத்தி கட்டி அந்தக் கீரைகளை வளரவிட்டிருக்கிறேன். பூக்கும் முன் பறித்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அங்கே சட்டம். ஆத்தா வாரத்துக்கு இரண்டு தரம் வந்து பறித்துக்கொண்டு போகிறார்.